இல்லறத்தில் சோதிக்கப்படும் இறைநம்பிக்கை: ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, ‘சகுணா’ – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ நம்பிக்கை கோயிலில் அறிக்கையிடப்படுகிறது, இல்லறத்தில் சோதிக்கப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் எழுந்த இரு நாவல்கள் இவ்வுண்மையை இருவேறு வழிகளில் எடுத்துரைக்கின்றன. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ கிறித்தவத்தின் பெயரைச் சொல்லாமல் அதன் இல்லற ஒழுக்கத்தைப் பேசுகிறது. கிருபாபாய் சத்தியநாதனின் ‘சகுணா’ கிறித்தவத்தின் பெயரைச் சொல்லி, அது ஒரு குடும்பத்தில் நுழைந்தபோது மனைவி கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்கிறது. கதை சொல்லும் குரல், மனைவியின் இசைவு, அன்றாடச் செயல்கள் ஆகிய மூன்றின் அடிப்படையில் இவ்விரு நூல்களையும் ஒப்பிடும் இக்கட்டுரை, ‘கிறித்தவக் குடும்பம்’ என்னும் இலட்சியத்தின் அடியில் விடைபெறாமல் நிற்கும் ஒரு வினாவைச் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வேதநாயகம் பிள்ளை, கிருபாபாய் சத்தியநாதன், இல்லறம், மதமாற்றம், இசைவு, தொடக்ககால நாவல்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் காப்பியம், கீர்த்தனை, வேத மொழிபெயர்ப்பு, அகராதி என்னும் வரிசையிலேயே எழுதப்பட்டுள்ளன. கணவன், மனைவி, மக்கள், உறவினர், பணியாளர் என்னும் அன்றாட உறவுகளில் நம்பிக்கை எவ்வாறு இயங்கியது என்ற வினா அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. இவ்வினாவை எழுப்புவதற்கான வாய்ப்பு காப்பியங்களிலேயே இருந்தது என்பது நோக்கத்தக்கது. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’க்குத் தலைவர் ஒரு துறவியல்லர், மன்னருமல்லர், தச்சுத் தொழில் செய்து மனைவியையும் மகனையும் காத்த வளன். எனினும், அவ்வில்லறம் கன்னிமை காக்கும் தெய்விக இல்லறம். எளிய மணவாழ்வின் பூசலும் ஐயமும் உடன்பாடும் அங்கு இடம்பெற இயலாது. ஜான் பனியனின் நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. அதன் பயணியோ குடும்பத்தைப் பின்னே விட்டு வீட்டுலகு தேடிப் புறப்படுபவன். முதற் காப்பியத்தில் இல்லறம் மானிட நிலையைக் கடந்து நிற்கிறது. இரண்டாவதில் இல்லறத்தைக் கடந்தே பயணம் தொடங்குகிறது.

இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது, பகிர்ந்த அடுக்களையும் பகிர்ந்த பொறுப்பும் உடைய உலகியல் இல்லறம். அதனைப் பேசும் பணியை உரைநடைப் புனைகதையே ஏற்றது. அப்பணியை ஏற்ற இரு நூல்களை ஒப்பிட்டு, அவை எதைக் கண்டன, எதைக் காணத் தவறின என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர்களும் நூல்களும்

வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நீதிமன்றப் பணியில் சேர்ந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாகப் பணியாற்றியவர். ‘நீதிநூல்’ (1859), ‘பெண்மதி மாலை’ (1869), ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ (1878) ஆகியவற்றை அடுத்து 1879இல் அவர் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவலாகப் போற்றப்படுகிறது. தம் செய்யுள் நூல்களில் கூறிய அறங்களுக்கு உரைநடையில் எடுத்துக்காட்டு அமைப்பது அந்நாவலின் நோக்கங்களுள் ஒன்று என்பது அவரே முன்னுரையில் உணர்த்தும் செய்தி.

கிருபாபாய் (1862–1894) அகமத்நகரில், கிறித்தவத்தைத் தழுவிய மராட்டிய அந்தணப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து முதலாண்டில் சிறப்புற்றார். உடல்நலக் குறைவால் படிப்பைத் தொடர இயலவில்லை. சென்னையில் அவர் தங்கியிருந்தது அருட்திரு டபிள்யூ. டி. சத்தியநாதன், அன்னா சத்தியநாதன் இணையரின் இல்லத்தில். சிந்தாதிரிப்பேட்டையில் பெண்கல்விப் பணியில் முன்னின்ற அக்குடும்பம் கிறித்தவ இல்லறம் பற்றித் தமிழிலும் சிந்தித்த குடும்பம். அன்னா சத்தியநாதன் ‘நல்ல தாய்’ என்னும் தமிழ் நூலை எழுதியவர். அவர்களின் மகன் சாமுவேலை 1881இல் மணந்த கிருபாபாய், ஆங்கிலத்தில் எழுதிய ‘சகுணா: உள்நாட்டுக் கிறித்தவ வாழ்வின் கதை’ என்னும் தன்வரலாற்று நாவல் 1887–88இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. ஆசிரியர் மறைந்தபின் 1895இல் நூலுருப் பெற்றது. 1896இல் தமிழிலும் வெளிவந்தது. கதையின் முற்பகுதி மராட்டிய மண்ணில் நிகழினும், நூல் எழுதப்பட்டதும் முதலில் படிக்கப்பட்டதும் சென்னையில். பத்தாண்டு இடைவெளியில் ஒரே மாகாணத்து வாசகரை நோக்கி எழுந்தவை என்ற அளவில் இரு நூல்களும் ஒப்பிடத்தக்கன.

கதை சொல்லும் குரல்

இரண்டும் தன்மைக் கூற்றில் அமைந்த நாவல்கள். ஆயின், தன் கதையைச் சொல்பவர் யார் என்பதில் அடிப்படை வேறுபாடு உண்டு. வேதநாயகம் பிள்ளையின் நாவலில் பேசுபவன் கணவன். ஞானாம்பாளின் அறிவும் துணிவும் பொறுமையும் பிரதாப முதலியின் நாவழியே வாசகரை அடைகின்றன. அவன் தன் குறைகளைத் தானே நகைத்துக்கொள்பவன். மனைவியின் மேன்மையை மனமார ஒப்புக்கொள்பவன். அந்நகைச்சுவையே நாவலின் கவர்ச்சி. எனினும், புகழ்பவன் கணவன் என்பதால் புகழப்படுபவளின் உள்ளம் முழுதும் திறப்பதில்லை. ஞானாம்பாள் ஐயுற்ற பொழுது, மறுக்க விரும்பிய பொழுது, தன் விருப்பத்தை அடக்கிய பொழுது எது என்பதை அறிய நாவலில் வழியில்லை.

‘சகுணா’வில் பேசுபவள் மகள். தந்தை ஹரிச்சந்திரரின் மதமாற்றத்தையும் தாய் ராதாவின் துயரத்தையும் அவளே சொல்கிறாள். அவள் கண்ணால் கண்டவையல்ல அவை. வீட்டில் வழங்கிய கதைகள். தந்தையின் தேடலைப் பெருமையுடன் கூறும் அதே மகள், தாயின் கண்ணீரையும் மறைக்காமல் கூறுகிறாள். கணவன் சொன்னால் அது வெற்றிக்கதையாகியிருக்கும். மனைவி சொன்னால் முறையீடாகியிருக்கும். இருவரையும் நேசிக்கும் மகள் சொல்வதால் இரண்டையும் ஒருசேரக் காணும் பார்வை கிடைக்கிறது. நூலின் ஆற்றலுக்கு மூலம் இவ்விரட்டைப் பார்வையே எனலாம்.

பெயர் சொல்லாத நம்பிக்கை

‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் மாந்தர் தொண்டைமண்டல முதலியார் குடும்பத்தினர். கிறித்துவின் பெயரோ திருச்சபையின் வழிபாடோ அங்கு முன்னிறுத்தப்படுவதில்லை. பிரதாபனின் தாய் சுந்தரத்தண்ணி மகனுக்குக் கற்பிப்பது ஒரே கடவுள், அவர் காட்டும் அருள், அவருக்குக் கடமைப்பட்ட மனிதன் என்னும் பொதுநெறியே. இதனை ஆசிரியரின் தயக்கமாகக் கொள்வது பொருந்தாது. ‘திருவருள் மாலை’, ‘திருவருள் அந்தாதி’, ‘தேவமாதா அந்தாதி’, ‘பெரியநாயகி அம்மாள் பதிகம்’ என வெளிப்படையான கத்தோலிக்கப் பக்தி நூல்களை இயற்றியவர் அவர். நம்பிக்கையின் பெயரைப் பாட அந்தாதியும் பதிகமும் உரியன. நம்பிக்கையின் நடையைக் காட்ட நாவல் உரியது என இலக்கிய வகைகளுக்கிடையே அவர் வேலைப் பிரிவினை செய்துகொண்டார் எனக் கொள்வதே ஏற்புடையது.

இப்பிரிவினைக்குச் சமரசக் கீர்த்தனைகளும் சான்றாகின்றன. இறைத்துதிப் பாடல்களோடு உத்தியோகம், குடும்பம் ஆகியன பற்றிய கீர்த்தனைகளும் அத்தொகுப்பில் உள்ளன. கச்சேரிக்குச் செல்லும் அலுவலனின் மனச்சுமையும், வீட்டுக்குத் திரும்பும் குடும்பத்தலைவனின் கவலையும் இறைவன் முன் வைக்கத்தக்க பொருள்கள் என்பது அதன் உட்கிடை. ‘நீதிநூல்’ கைக்கூலியையும் கணவன் மனைவியர் கடமையையும் ஒரே நூலுக்குள் பேசுகிறது. நீதிமன்றத்தில் நேர்மையும் வீட்டில் நேர்மையும் இருவேறு அறங்களல்ல என்பது ஆசிரியரின் உறுதி. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் அவர் பசித்தோர்க்கு உணவளித்ததைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் போற்றிய செய்தியும் இவ்வுறுதி ஏட்டளவில் நிற்கவில்லை என்பதை உணர்த்தும்.

நாவலின் இல்லறச் சித்திரிப்பில் மூன்று கூறுகள் குறிப்பிடத்தக்கன. முதலாவது, கற்பு இருபாலர்க்கும் பொது. பிரதாபன் பிறிதொரு பெண்ணை நாடாதவன். ஒருத்திக்கு ஒருவன் என்னும் கடமை அவனுக்கும் உரியதாகவே கொள்ளப்படுகிறது. செல்வக் குடும்பத்து ஆண்மகனுக்கு இக்கடமை விதிக்கப்படாத ஒரு காலத்தில் இது சிறிய செய்தியன்று. இரண்டாவது, கல்வி மனைவியின் அணிகலன் மட்டுமன்று, குடும்பத்தின் பாதுகாப்பு. விக்கிரமபுரியில் ‘சந்தோஷம்’ தருவதாகச் சொன்ன சொல்லைப் பற்றிக்கொண்ட செம்மானின் வழக்கில் பிரதாபன் சிறைப்படுகிறான். ஆணுடையில் அந்நகர் சேர்ந்து, பட்டத்து யானையின் மாலை பெற்று அரசாளும் ஞானாம்பாளே அவனை மீட்கிறாள். காக்கப்படுபவன் கணவன், காப்பவள் மனைவி. மூன்றாவது, அதிகாரம் கைக்கு வந்தபின் அதனைத் துறத்தல். ஆட்சியை ஆனந்தவல்லியிடம் ஒப்படைத்து ஞானாம்பாள் மனைவியாகவே திரும்புகிறாள்.

இம்மூன்றாவது கூறே நாவலின் சிறப்பும் எல்லையுமாகிறது. அதிகாரத்தைத் தொண்டாகக் கொண்டு, வேண்டிய பொழுது கைவிடும் மனநிலை கிறித்தவ அறத்தின் மையத்தைச் சார்ந்தது. எனினும், துறக்கும் கடமை இங்கே மனைவியின் பங்குக்கு வருகிறது. அரசாண்ட ஒருத்தி மீண்டும் இல்லத்தில் அடங்கும்போது அவள் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைக் கணவனின் குரல் கேட்பதில்லை. அவள் மனமுவந்து திரும்பினாள் என்பது கதையின் முடிவன்று, கதையின் முன்முடிவு. நம்பிக்கையில் அனைவரும் ஒருமனப்பட்ட குடும்பத்தையே வேதநாயகம் பிள்ளை படைத்தார். குடும்பத்துப் பூசல்கள் அங்கு உண்டு. சம்பந்தி முதலியாருக்கும் பிரதாபனின் தந்தைக்கும் எழும் பிணக்கு, மணமான மகள் எவ்வீட்டில் வாழ்வது என்பது பற்றியது. எந்தக் கடவுளை வணங்குவது என்பது பற்றியதன்று.

ராதாவின் அடுக்களை

‘சகுணா’வின் தொடக்கமோ இறைநம்பிக்கையே பிணக்காகும் இடம். ராதா சிறுமியாக மணமுடிக்கப்பட்டவள். மணமகனைத் தேர்ந்ததில் அவளுக்குப் பங்கில்லை. கணவனின் வீட்டில் மூத்தோரின் கண்காணிப்பில் ஆசாரமும் பணிவும் கற்றுத் தன் உலகத்தைக் கட்டிக்கொள்கிறாள். அந்நிலையில் கணவன் ஒரு புதிய சமயத்தைத் தேடிச் செல்கிறான். அத்தேடல் உண்மையானது, நீண்ட வாசிப்பும் மனப்போராட்டமும் கடந்தது. ஆனால், அத்தேடலின் வழியில் ராதா நடக்கவில்லை. அவள் அறிந்தது அதன் விளைவை மட்டுமே. விருப்பமின்றிப் பிறந்த உலகினின்று பெயர்க்கப்பட்டுக் கணவனின் புதிய வீட்டிற்கு வந்து சேர்கிறாள்.

மதமாற்ற வரலாறுகள் பொதுவாக மனமாற்றத்தை ஒரு கணமாகக் காட்டும். வேதத்தைப் படித்தல், உள்ளம் தொடப்படுதல், திருமுழுக்கு என அவ்வரலாறு முடியும். கிருபாபாய் காட்டுவது திருமுழுக்கிற்குப் பின் தொடங்கும் வரலாறு. யார் சமைத்ததை உண்பது, யார் தொட்ட பாத்திரத்தில் நீர் அருந்துவது, பண்டிகை நாளில் என்ன செய்வது, உறவினரைக் காணாமல் எவ்வாறு வாழ்வது என்னும் வினாக்கள் ஆணுக்குக் கருத்தளவில் தீர்ந்துவிட்டவை. பெண்ணுக்கு அவை ஒவ்வொரு வேளையும் எழுகின்றன. ஆசாரம் என்பது அவள் கைகளில் வாழ்ந்தது. ஆகவே, சமயமாற்றம் அவளிடம் கோரியது கருத்து மாற்றத்தை அன்று. கைகளின் பழக்கத்தையே மாற்றிக்கொள்ளுதலை. கணவன் சிந்தையால் கடந்த தொலைவை மனைவி அடுக்களையில் கடக்க வேண்டியிருந்தது.

காலப்போக்கில் ராதா அந்நம்பிக்கையைத் தனதாக்கிக்கொள்கிறாள். பிள்ளைகளை அதில் வளர்க்கும் உறுதியான தாயாகிறாள். அவளது பிற்கால நம்பிக்கை போலியானதென நாவல் எங்கும் கூறவில்லை. அவ்வாறாயின் தொடக்கத்தில் நிகழ்ந்த வன்மை நியாயமாகிவிடுமா என்பதே நூல் எழுப்பும் வினா. நல்ல முடிவு தீய தொடக்கத்தை அழித்துவிடும் என்ற ஆறுதலை மகள் தருவதில்லை. தொடக்கத்தைத் தொடக்கமாகவே பதிவு செய்கிறாள். திருச்சபைக்கு விசுவாசமுள்ள ஒரு பெண், தன் குடும்பம் கிறித்தவமான கதையில் இத்துயரத்தைச் சேர்த்தே சொன்னது அக்காலத்தில் துணிவான செயல். மிஷன் பணியின் பெருமைக்கு இழுக்கு எனக் கருதி விட்டுவிடத்தக்க செய்தி அது. அவர் விட்டுவிடவில்லை.

இசைவு: நிருபங்களும் சட்டமும்

இவ்வினா விவிலியத்திற்குப் புதியதன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் பவுல், நம்பிக்கை கொள்ளாத துணைவர் உடன்வாழ இசைந்தால் அவரைத் தள்ளிவிடலாகாது என்றும், பிரிந்துபோக விரும்பினால் தடுக்கலாகாது என்றும் அறிவுறுத்துகிறார். அவ்வறிவுரையின் அச்சாணி மற்றவரின் இசைவு. பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரம், நம்பிக்கையற்ற கணவரைப் பேச்சினால் அன்றி நடத்தையால் வெல்லுமாறு மனைவியரிடம் கூறுகிறது. ஹரிச்சந்திரரின் இல்லத்தில் இவ்வறிவுரை திசைமாறி நிற்கிறது. அங்கே நடத்தையால் வெல்ல வேண்டியவர் கணவர். வெல்லப்பட வேண்டியவள் மனைவி. அப்பொறுமையைத் தொடக்கத்திலேயே காட்டியிருக்க வேண்டும், பெயர்த்துக் கொண்டுவந்த பின் அன்று என்பது ராதாவின் கண்ணீர் உணர்த்தும் பொருள்.

சட்டமும் இவ்வினாவைத் தாமதமாகவே சந்தித்தது. 1850ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம், மதம் மாறியவர் சொத்துரிமையை இழக்காதவாறு காத்தது. மதம் மாறியவரின் மணவுறவு பற்றிய சட்டம் 1866இல்தான் வந்தது. மதமாற்றத்தைக் காரணமாகக் கொண்டு துணைவர் ஆறு மாதம் உடன்வாழ மறுத்தால் வழக்குத் தொடரலாம். நீதிமன்றம் அவரை விசாரித்து, ஓராண்டு அவகாசம் தந்து, பின்னும் மறுத்தால் மணத்தை முறிக்கலாம் என அது வகுத்தது. மதம் மாறியவருக்கு மறுமண வழி காண்பதே அதன் முதன்மை நோக்கம். எனினும், மாறாத மனைவியின் வாய்ச்சொல்லை ஒரு மன்றம் கேட்டாக வேண்டும் என்ற நிலையை அது உருவாக்கியது. ஹரிச்சந்திரர் என்னும் பாத்திரத்திற்கு மூலமான கிருபாபாயின் தந்தை மதம் மாறியது இவ்விரு சட்டங்களுக்கும் முற்பட்ட காலத்தில். அன்று ராதாவின் விருப்பத்தை வினவ எந்த மன்றமும் இல்லை. அரைநூற்றாண்டுக்குப் பின் மகளின் நாவலே அம்மன்றமாகிறது.

சகுணாவின் மணமும் அதன் பொருளும்

தாயின் மணத்திற்கு எதிர்நிலையில் நூல் மகளின் மணத்தை வைக்கிறது. தமையன் பாஸ்கர் சகுணாவின் கல்விக்கும் நம்பிக்கைக்கும் வழிகாட்டி. அவனது இளமரணம் அவளுக்குத் துயரத்தோடு ஒரு பொறுப்பையும் விட்டுச்செல்கிறது. மணமே பெண்ணின் முடிவு என்பதை ஏற்காமல் கற்று, பணியாற்றி, தன் காலில் நிற்க அவள் விரும்புகிறாள். மிஷன் இல்லங்களில் அவள் காணும் நிறவேற்றுமையும் மேட்டிமையும், ஒரே ஆண்டவரை வணங்குவோரிடையே சமநிலை தானே வந்துவிடுவதில்லை என்பதைக் கற்பிக்கின்றன. மருத்துவக் கல்வியும் உடல்நலக் குறைவும் கடந்து, இறுதியில் தானே விரும்பிய ஒருவரை மணக்கிறாள்.

ராதாவிடம் ஒருபொழுதும் கேட்கப்படாத கேள்வி சகுணாவிடம் கேட்கப்படுகிறது, அவள் விடையளிக்கிறாள். கிறித்தவம் அக்குடும்பத்திற்கு அளித்த மெய்யான கொடை இதுவே என்பது நாவலின் கட்டமைப்பிலிருந்து பெறப்படும். ஆனால், அக்கொடைக்கு விலை கொடுத்தவள் அதனைத் துய்த்தவளல்லள். தாய்க்கு மறுக்கப்பட்ட இசைவின் மீதே மகளின் இசைவு எழுப்பப்பட்டுள்ளது. இம்முரணை நாவல் தீர்த்துவைக்கவில்லை. தீர்த்துவைக்க இயலாது என்பதை அறிந்தே அருகருகே நிறுத்தியுள்ளது.

கிருபாபாயின் அடுத்த நாவலான ‘கமலா’வை (1894) இங்கு இணைத்து நோக்கலாம். இந்துக் கைம்பெண்ணான கமலா, தன்னை நேசிக்கும் ராமச்சந்தரின் மணவேண்டுகோளை மறுக்கிறாள். சீர்திருத்த நோக்குடைய ஆசிரியர் அவளை எளிதாக மறுமணம் செய்வித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், அவளது மனச்சான்றின் மறுப்பை மதித்து விட்டுவிட்டார். தாயின் கதையில் கண்ட பாடத்தை ஆசிரியர் தம் படைப்பு முறையிலேயே கடைப்பிடித்ததாக இதனைக் கருதலாம். நன்மை என்று பிறர் கருதுவதையும் ஒரு பெண்மேல் சுமத்தலாகாது.

இரு நூல்களின் எல்லைகள்

இவ்விரு நூல்களின் பார்வைக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. இரண்டும் உயர்குடி இல்லங்களின் கதைகள். பிரதாபனின் வீட்டில் பணியாளரும் எளியோரும் பெரும்பாலும் நகைப்புக்கும் நீதிக்கும் எடுத்துக்காட்டுகளாகவே வருகின்றனர். சிறைக்குக் காரணமான செம்மான் சொற்புரட்டின் உருவம். அவனது இல்லம் நாவலுக்குத் தேவைப்படவில்லை. பிரதாபன் சிறுவனாயிருந்தபோது அவன் செய்த பிழைகளுக்காக ஆசிரியரின் பிரம்படியை ஏற்றவன் கனகசபை. அந்நிகழ்ச்சி பிறன் குற்றத்தைத் தான் சுமக்கும் கிறித்தவக் கருத்தை வெகு அண்மையில் தொடுகிறது. ஆயினும், பின்னாளில் கனகசபை உயர்குடிப் பிறப்பினன் எனக் கதை வெளிப்படுத்துகிறது. சுமந்தவனின் மேன்மைக்குப் பிறப்பின் சான்று தேவைப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. ‘சகுணா’வும் அந்தணக் குடும்பத்தின் துறப்பையே மையப்படுத்துகிறது. இழப்பதற்குக் குலப்பெருமை இல்லாமல் திருச்சபைக்குள் வந்த பெருந்திரளானோரின் இல்லறம் அதில் ஓரத்தில் நிற்கிறது.

இவ்வெல்லையைப் பிற்காலத் தமிழ் எழுத்துகளே கடந்தன. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964), கிறித்தவ நிலவுடைமைக் குடும்பத்தின் பழம்பெருமைக்கும், அவ்வீட்டுப் பெண் லிஸி பனையேறியின் மகன் தங்கராஜின் மேல் கொண்ட அன்புக்கும் இடையிலான போராட்டத்தைப் பேசியது. ஒரே கோயிலில் வழிபடும் இருவரிடையே மணத்தடை எழுமாயின், அங்குத் தடையாவது சமயமன்று என்பதை அது தெளிவாக்கியது. பாமாவின் ‘கருக்கு’ (1992) அவ்வினாவைத் திருச்சபையின் நிறுவனங்களுக்குள்ளேயே கொண்டுசென்றது. வேதநாயகம் பிள்ளை ஒழுக்கத்தையும் கிருபாபாய் இசைவையும் இல்லறத்தின் உரைகற்களாக வைத்தனர். சமத்துவம் என்னும் மூன்றாம் உரைகல்லை வைத்தவர்கள் இவர்கள்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் கிறித்தவம் இல்லை என்பதும், அது முழுதும் மறைபொருளான கிறித்தவ நூல் என்பதும் ஒருசேர மிகைக்கூற்றுகள். ஆணுக்கும் கற்பு, பெண்ணுக்குக் கல்வி, தொண்டாகும் அதிகாரம், அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரே நேர்மை என்னும் நடைமுறைகளாக ஆசிரியரின் நம்பிக்கை அதில் கரைந்துள்ளது. இரண்டாவது, ஒருமனப்பட்ட குடும்பத்தைக் காட்டும் அந்நாவல், கணவனும் மனைவியும் நம்பிக்கையில் வேறுபட்டால் நேர்வது என்ன என்ற வினாவைத் தொடவில்லை. ‘சகுணா’ அவ்வினாவில் பிறந்த நூல். மூன்றாவது, தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றில் ‘சகுணா’ ஆங்கில நூலாதலின் ஓரத்தில் வைக்கப்படுவது பொருத்தமன்று. சென்னையில் எழுதப்பட்டு, அடுத்த பத்தாண்டுக்குள் தமிழில் வாசிக்கப்பட்ட அந்நூல், இல்லறம் பற்றிய தமிழ்க் கிறித்தவச் சிந்தனையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

‘கிறித்தவக் குடும்பம்’ என்னும் தொடர், ஒரு வீட்டின் அனைவரும் ஒரே நம்பிக்கையுடையவர் என்பதைக் குறிக்கப் பயன்படுகிறது. அவ்வொருமை எவ்வாறு உருவாயிற்று, யாருடைய மௌனத்தால் நிலைத்தது என்பதை அத்தொடர் சொல்வதில்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் ராதாக்களின் பெயர்கள் கணவரின் பெயர்களுக்கு அடுத்து ஒரு வரியாக நிற்கும். அவ்வரிக்குப் பின்னுள்ள ஆண்டுகளை மீட்டெடுக்கப் பதிவேட்டைக் காட்டிலும் நாவல், கடிதம், தன்வரலாறு ஆகியனவே துணையாகும். மிஷன் வரலாறுகளையும் இல்லறம் பற்றிய அக்காலத் தமிழ் நூல்களையும் அவ்வினாவோடு மீள வாசிப்பது இத்துறையில் அடுத்து நிகழவேண்டிய பணியாகும்.